பரணிலிருந்து இறங்கிய சாம்பு

குழு: கும்பகோணம் வீடு

மீனா சித்தி (காலை 7:40): எல்லாருக்கும் ஒரு விஷயம். பின்கட்டு ஓடு பிரிக்க வியாழக்கிழமை கொத்தனார் வருகிறார். பரணில் இருந்ததை நேற்று முழுக்க இறக்கியாயிற்று. மாமனாரின் ட்ரங்க் பெட்டியும் இறங்கிவிட்டது.

மீனா சித்தி: பெட்டி நிறையப் புத்தகம். அடியில் கரையான். பழைய பேப்பர்காரர் 11 மணிக்கு வருகிறார். யாருக்கு எது வேண்டுமோ அதற்குள் சொல்லிவிடுங்கள்.

சங்கர் அத்தான் (7:52): இனிய காலை வணக்கம். இன்றைய நாள் நல்ல நாளாக அமையட்டும்.

பாலு சித்தப்பா (7:55): ஓட்டு வேலைக்கு 1,80,000 மதிப்பீடு கொடுத்திருக்கிறார். நாலு பங்கு. போன மாதமே சொன்னேன்.

வித்யா அக்கா (8:10): சித்தி, என்ன புத்தகம் எல்லாம்? ஒரு போட்டோ போடுங்களேன்.

மீனா சித்தி: (படம்)

மீனா சித்தி: (படம்)

ஹரிணி (8:14): அம்மா, இந்தத் தொப்பி யாருடையது?

மீனா சித்தி: உன் அப்பாவுடையது. அந்தக் கதை அப்புறம்.

ராமு பெரியப்பா (8:31): மீனா, எதையும் போட்டுவிடாதே. பேப்பர்காரரை வர வேண்டாம் என்று சொல். இரண்டாவது படத்தில் இடது பக்கம் சிவப்பு காலிகோ முதுகு தெரிகிறதே, அது அப்பாவின் தேவன் பைண்டு. விவரமாக எழுதுகிறேன், காப்பி குடித்துவிட்டு வருகிறேன்.

பாலு சித்தப்பா: அண்ணா காப்பி குடித்துவிட்டு வந்தால் 11 மணி ஆகிவிடும்.

சரோஜா அத்தை (8:40): மீனா, நான் சொல்லும்வரை தொடாதே.

மீனா சித்தி: அண்ணனும் தங்கையும் பேசி ஒரு முடிவு சொல்லுங்கள். பெட்டி நடுக்கூடத்தில் இருக்கிறது, வேலைக்காரம்மா இரண்டு தடவை இடித்துக்கொண்டாயிற்று.

ஹரிணி: தேவன் யார்?

கார்த்தி (8:44): துப்பறியும் சாம்பு எழுதியவர்.

ஹரிணி: ஓ, அந்த மூக்கு நீளமானவர்.

கார்த்தி: அது சாம்பு. தேவன் அவரை எழுதியவர்.

ராமு பெரியப்பா (9:05): ஹரிணி கேட்டதால் முதலிலிருந்து சொல்கிறேன். தேவனின் இயற்பெயர் ஆர். மகாதேவன். 1913 செப்டம்பர் 8, திருவிடைமருதூரில் பிறந்தார். நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது. பி.ஏ. படித்தது கும்பகோணம் அரசுக் கல்லூரி. உன் தாத்தா படித்ததும் அங்கேதான். அதனால் "எங்க காலேஜ் ஆள்" என்றுதான் அப்பா சொல்வார், ஏதோ ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி. கொஞ்ச காலம் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தார். அப்புறம் ஆனந்த விகடனுக்கு ஒரு நகைச்சுவைக் கதை அனுப்பினார். அப்போது அங்கே ஆசிரியர் கல்கி. கதை பிடித்துப்போய் ஆளையே கூப்பிட்டு உதவி ஆசிரியராக வைத்துக்கொண்டார். இருபது வயது சொச்சம்தான் தேவனுக்கு. பிறகு கல்கி வெளியே போய் 1941-இல் தனிப் பத்திரிகை தொடங்கினார். விகடன் பொறுப்பு தேவன் தலையில் வந்தது. 1942-லிருந்து சாகும்வரை நிர்வாக ஆசிரியர். அதே 1942-இல்தான் சாம்புவும் வந்தான். தொடரும்.

பாலு சித்தப்பா: "தொடரும்" வேறயா.

வித்யா அக்கா: அப்பா, பத்தி பிரித்து எழுதுங்கள், போனில் படிக்க முடியவில்லை.

சங்கர் அத்தான் (9:12): மாமா, 43 வயதிலேயே இறந்துவிட்டார் இல்லையா? அம்மா சொல்லியிருக்கிறாள்.

ராமு பெரியப்பா: ஆமா. 1957 மே 5. பாலு பிறக்கவே இல்லை அப்போது. எனக்கு ஏழு வயது.

சரோஜா அத்தை (9:15): அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை என்று அம்மா சொல்வாள்.

ராமு பெரியப்பா: முக்கியமான விஷயம் இதுதான், எல்லாரும் கவனிக்கவும். தேவன் உயிரோடு இருந்தவரை அவருடைய நாவல் ஒன்றுகூடப் புத்தகமாக வரவில்லை. பதினைந்து வருடம் வாராவாரம் தமிழ்நாடே படித்தது. ஆனால் கடைக்குப் போய்க் கேட்டால் கிடைக்காது. படம்கூட வந்துவிட்டது. கோமதியின் காதலன், 1955, டி.ஆர். ராமச்சந்திரனும் சாவித்திரியும். புத்தகம் வரவில்லை. ஆகவே அவரைத் திரும்பப் படிக்க வேண்டுமென்றால் ஒரே வழி, விகடனிலிருந்து பக்கங்களைப் பிரித்து நாமே பைண்டு செய்வதுதான். அப்பா மாதிரி எத்தனையோ பேர் அதைச் செய்தார்கள். அந்த மனிதருடைய புத்தகங்களை முதலில் போட்டவர்கள் வாசகர்கள்தான். பேப்பர்காரர் எடையில் வைக்கப் பார்ப்பது அதைத்தான்.

கார்த்தி (9:24): இது எனக்குத் தெரியாது பெரியப்பா.

மீனா சித்தி: சரி, பேப்பர்காரரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வருவார்.

பாலு சித்தப்பா (9:30): தமிழ்வாணனின் துப்பறியும் சங்கர்லால் கதை இருக்கிறதா பெட்டியில்?

ராமு பெரியப்பா: இப்போது அதற்கு என்ன.

பாலு சித்தப்பா: இருக்கிறதா இல்லையா?

மீனா சித்தி: இருக்கிறது. மணிமேகலைப் பிரசுரம் எட்டு ஒன்பது கிடக்கிறது. அட்டை இல்லை.

பாலு சித்தப்பா: அவை எனக்கு. வேறு யாரும் கேட்க வேண்டாம்.

சரோஜா அத்தை: ஹரிணி, தொப்பிக் கதையை நான் சொல்கிறேன். தமிழ்வாணன் எப்போதும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும்தான். அதைப் பார்த்து உன் அப்பா பத்தாவது படிக்கும்போது மகாமகக் குளக்கரையில் தொப்பியும் கண்ணாடியும் போட்டு நடந்தான். மாலை ஆறரை மணிக்கு. படி தெரியவில்லை.

ஹரிணி: ஐயோ அப்பா.

பாலு சித்தப்பா: இரண்டு படிதான்.

கார்த்தி: உறையில் தொப்பியும் கண்ணாடியும் வரைந்து சென்னை என்று மட்டும் எழுதினால் தபால் அவருக்குப் போய்ச் சேரும் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பாலு சித்தப்பா: உன் அப்பாவும் நானும் அப்படி ஒன்று போட்டோம். அவருடைய கல்கண்டு பத்திரிகை ஆபீசுக்கு. அவன் இருந்தால் எனக்குச் சாட்சி சொல்வான். சங்கர்லால் தேநீர் குடிப்பார், யோசிப்பார், ஆளைப் பிடிப்பார். வெளிநாடு போவார். பேச்சில் ஒரு இங்கிலீஷ் வார்த்தை வராது. சாம்பு என்ன செய்வான்? வழுக்கி விழுவான், கீழே திருடன் இருப்பான்.

ராமு பெரியப்பா (9:48): பாலு, அம்பது வருஷமாக இதையே சொல்கிறாய், பதில் சொல்லியும் கேட்பதில்லை. மற்றவர்களுக்காக மறுபடி சொல்கிறேன்.

பாலு சித்தப்பா: ஆரம்பம்.

ராமு பெரியப்பா: எந்தத் துப்பறியும் கதையிலும் துப்பறிகிறவருக்கு விஷயம் தெரியும், நமக்குத் தெரியாது. கடைசிப் பக்கத்தில் அவர் சொல்லி நாம் வாயைப் பிளப்போம். சாம்பு கதையில் தலைகீழ். சாம்புவுக்கு ஒன்றும் தெரியாது என்பது நமக்கு மட்டும் தெரியும். ஊருக்குத் தெரியாது. அவன் பேந்தப் பேந்த விழிப்பான், "ஆழ்ந்து யோசிக்கிறார்" என்பார்கள். வீடு மாறிப் போய் நுழைவான், களவு போன நகை அங்கே இருக்கும். கடைசியில் இன்ஸ்பெக்டர் கோபாலன் வந்து, "நீங்கள் இதைக் கவனித்து, அதை ஊகித்து, இப்படித்தானே கண்டுபிடித்தீர்கள்?" என்று சாம்பு நினைத்தே பார்க்காத ஒரு தர்க்கத்தை அவனுக்கே விளக்குவார். அந்த விளக்கம் கனகச்சிதமாக இருக்கும். அங்கேதான் தேவனின் கெட்டிக்காரத்தனம். முழுக்க ஒரு நல்ல துப்பறியும் கதையை யோசித்து முடித்த பிறகுதான் அதை இப்படிப் புரட்டிப் போட முடியும். வாராவாரம் பத்திரிகையையும் நடத்திக்கொண்டு அதைச் செய்தார்.

சங்கர் அத்தான்: மாமா சொல்வது சரி. கோபாலன்தான் நிஜத் துப்பறிவாளர் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

ராமு பெரியப்பா: சபாஷ் சங்கர். உனக்காவது புரிகிறதே.

பாலு சித்தப்பா: அவனுக்குப் பங்கில் தள்ளுபடி வேண்டும்போல.

சரோஜா அத்தை (9:58): என் பங்கைச் சங்கர் இன்று அனுப்புவான் பாலு. புத்தகத்தோடு அதை முடிச்சுப் போடாதே.

வித்யா அக்கா: சித்தி, பைண்டு எந்த நிலையில் இருக்கிறது? கரையான் எவ்வளவு தூரம்?

மீனா சித்தி (10:15): இப்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வெயில் படாமல் திண்ணையில் வைத்தேன். தேவன் நாலு பைண்டு. சாம்பு முதல் பாகம், சி.ஐ.டி. சந்துரு, ஜஸ்டிஸ் ஜகந்நாதன், மிஸ்டர் வேதாந்தம். வேதாந்தம் பாதி போய்விட்டது, அடியில் இருந்திருக்கிறது. சாம்பு நன்றாகவே இருக்கிறது. தாள்தான் பழுப்பு, மடித்தால் ஒடிகிறது.

மீனா சித்தி: ஒரு அதிசயம். வேதாந்தத்தில் தாளைத் தின்ற கரையான் முதுகைத் தொடவில்லை. பசை ஒட்டின இடம் எல்லாம் லேசாகப் பச்சை.

ராமு பெரியப்பா: மயில்துத்தம்! பசை காய்ச்சும்போது அப்பா துத்தம் போடச் சொல்வார். பூச்சி அண்டாது. பெரிய தெருப் பக்கம் ஒரு பைண்டர் இருந்தார், அவரிடம் கொடுப்பதற்கு முன் கோணூசியால் ஓரத்தில் மூன்று ஓட்டை போட்டு அப்பாவே சணல் கோத்துவிடுவார். பைண்டர் வரிசை மாற்றிவிடுவார் என்று பயம்.

மீனா சித்தி: ஆமா, மூன்று ஓட்டை இருக்கிறது. (படம்)

ஹரிணி: இந்தப் படம் எல்லாம் அழகாக இருக்கிறதே. யார் வரைந்தது?

ராமு பெரியப்பா: ராஜு. சாம்புவின் மூக்கைத் தீர்மானித்தவர் அவர்தான். பின்னால் கோபுலு சாம்புவைப் படக்கதையாகவே வரைந்தார், அது வேறு. இப்போது கடையில் கிடைக்கும் பதிப்பு வேண்டுமானால் வாங்கலாம் ஹரிணி, ஆனால் இந்தப் பக்கங்களில் கதைக்குப் பக்கத்தில் யுத்த காலத்து விளம்பரம் எல்லாம் இருக்கும். அதையும் படி.

கார்த்தி: சித்தி, ஓரத்தில் சின்னச் சின்ன டிக் இருக்கிறதே. பேனாவில்.

மீனா சித்தி: புத்தகம் முழுக்க இருக்கிறது. சில பக்கத்தில் ரெண்டு மூணு.

ராமு பெரியப்பா: நல்ல வாக்கியங்களை அப்பா குறித்து வைப்பார். நடைக்காக.

சரோஜா அத்தை (10:31): இல்லை அண்ணா. அது அம்மா சிரித்த இடம்.

சரோஜா அத்தை: அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாடு ஆனதும் அப்பா வாசிப்பார், அம்மா மறுநாளைக்கு அரிசி பொறுக்கிக்கொண்டு கேட்பாள். சிரித்தால் உடனே ஒரு டிக். மழைக்காலத்தில் எடுத்து மறுபடி வாசிக்கும்போது அந்த இடத்தில் நிறுத்தி அம்மா முகத்தைப் பார்ப்பார். சாம்புவின் பெண்டாட்டி வேம்பு வரும் இடத்தில் எல்லாம் டிக் இருக்கும், பாருங்கள். சாம்பு வீட்டில் வேம்பு அதட்டினால் அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மீனா சித்தி: பார்த்தேன். வேம்பு வருகிற பக்கத்தில் நாலு டிக்.

வித்யா அக்கா: அத்தை...

ராமு பெரியப்பா: எனக்கு இது தெரியவே தெரியாதே சரோ.

சரோஜா அத்தை: நீ அப்போது ஹாஸ்டல். உனக்கு லீவுக்கு வந்தால் பெட்டிச் சாவி கிடைக்கும். எனக்கு வயசுக்கு வந்த பிறகு சாவி கிடையாது, "கதைப் புஸ்தகம் படித்தால் சமையல் கருகும்" என்று அப்பாவே சொன்னார். அப்பா வாசித்தபோது கதவுக்குப் பின்னால் நின்று கேட்டதுதான் நான் படித்த தேவன். ஜஸ்டிஸ் ஜகந்நாதனைக் கல்யாணத்துக்குப் பிறகு திருச்சியில் லைப்ரரியில் எடுத்துப் படித்தேன். கொலை வழக்கு, கதை முக்கால்வாசி கோர்ட்டுக்குள்ளேயே நடக்கும். சாட்சி ஒவ்வொருவராக ஏறி இறங்கும்போது ஒரு நிமிஷம் இவன்தான் என்று தோன்றும், அடுத்த நிமிஷம் அவன் என்று தோன்றும். சமையல் அன்றைக்கு நிஜமாகவே கருகிற்று. உங்கள் மாமா ஒன்றும் சொல்லவில்லை.

சங்கர் அத்தான்: அப்பாவும் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார், அதனால் சொல்லியிருக்க மாட்டார்.

சரோஜா அத்தை: சாம்பு பைண்டு எனக்கு வேண்டும். இவ்வளவுதான் நான் கேட்பது. ஓட்டில் பங்கு தருகிறேன், வீட்டில் பங்கு கேட்டதில்லை.

பாலு சித்தப்பா (10:44): உனக்குத்தான் அக்கா. யார் வேண்டாம் என்றது?

ராமு பெரியப்பா: நான் சொல்ல வந்தது வேறு. இது ஒரு வீட்டில் இருப்பதைவிட நூலகத்தில் இருந்தால் ஆராய்ச்சிக்கு உதவும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி ஒரு ஆளாகச் சேர்த்த பழைய தமிழ் அச்சுப் பிரதிகள்தான் அதற்கு அஸ்திவாரம். அவர்கள் நுண்படம் எடுத்துப் பாதுகாக்கிறார்கள். அப்பா பெயர் போட்டுக் கொடுக்கலாம்.

சரோஜா அத்தை: கொடு. சந்துருவைக் கொடு, ஜகந்நாதனைக் கொடு. சாம்புவை நான் படித்துவிட்டுத் தருகிறேன்.

பாலு சித்தப்பா: எப்போது?

சரோஜா அத்தை: படித்துவிட்டு.

கார்த்தி: நான் வேண்டுமானால் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்கிறேன். மேலே பிடிக்கும் கேமரா ஸ்டாண்ட் என்னிடம் இருக்கிறது. பைண்டைப் பிரிக்க வேண்டாம். அப்புறம் யாரிடம் எது இருந்தாலும் எல்லாரும் படிக்கலாம்.

வித்யா அக்கா: கார்த்தி, இது நல்ல யோசனை. டிக்கோடு சேர்த்து எடு.

மீனா சித்தி (11:02): பேப்பர்காரர் வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னதை அவர் மறந்துவிட்டார். இங்கிலீஷ் பேப்பரை மட்டும் போடுகிறேன்.

ராமு பெரியப்பா: பக்கத்திலேயே நில் மீனா!!

மீனா சித்தி: நிற்கிறேன். சின்னத் தராசு ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவரும் சாம்பு படத்தைத்தான் பார்க்கிறார். டிவியில் காத்தாடி ராமமூர்த்தி வந்தாரே, அதுதானே என்கிறார்.

ராமு பெரியப்பா: அதேதான். தூர்தர்ஷன் தொடர். அவருக்கு ஒரு காப்பி கொடு.

சரோஜா அத்தை (11:10): மீனா, இரண்டாம் பாகம் எங்கே? சாம்பு இரண்டு பைண்டு உண்டே.

மீனா சித்தி: ஒன்றுதான் இருக்கிறது. முழுக்கப் பார்த்தேன்.

ராமு பெரியப்பா: அது சரோ கல்யாணக் கூட்டத்தில் யாரோ எடுத்துப் போனது. அப்பாவே சொல்லியிருக்கிறார்.

சரோஜா அத்தை: கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்பே காணோம். நீ வேலையில் சேர்ந்த வருஷம்.

ராமு பெரியப்பா: நான் பேங்கில் சேரும்போது இரண்டு வேட்டி, ஒரு ஹோல்டால். வேறு எதுவும் எடுத்துப் போகவில்லை.

பாலு சித்தப்பா: சாம்புவும் பேங்க் குமாஸ்தாதான். அவனும் இப்படித்தான் விழிப்பான்.

வித்யா அக்கா (11:18): அப்பா, நம் மாம்பலம் வீட்டு இரும்பு பீரோவின் மேல் தட்டில் சிவப்பு முதுகோடு ஒன்று இருக்கிறதே? பழைய பாஸ்புக் எல்லாம் கட்டி வைத்திருப்பீர்களே, அதற்கு அடியில்.

ராமு பெரியப்பா: அது டயரி.

வித்யா அக்கா: டயரிக்கு மூன்று ஓட்டை எதற்கு?

சங்கர் அத்தான்: இன்ஸ்பெக்டர் கோபாலன் வந்துவிட்டார்.

சரோஜா அத்தை: அண்ணா??

ஹரிணி: பெரியப்பா "டைப்பிங்" என்று காட்டுகிறது. நின்றுவிட்டது. மறுபடி காட்டுகிறது.

ராமு பெரியப்பா (11:31): சாயங்காலம் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்க்கிறேன். டாக்டர் ஏறக் கூடாது என்றிருக்கிறார், பக்கத்து வீட்டுப் பையன் வரட்டும்.

மீனா சித்தி: இந்தச் சண்டையில் யாருக்கும் தெரியாத ஒன்று, எனக்கு இவர்கள் யாருமே வேண்டாம், என் ராஜேஷ்குமார் நாவல் கட்டு எங்கே? பஸ் ஸ்டாண்டில் மாதா மாதம் வாங்கினது. பத்து ரூபாய் இருந்தால் அன்றைக்கு விவேக், ரூபலா துப்பறியும் கதை. பட்டுக்கோட்டை பிரபாகரும் இருந்தது, பரத் சுசீலா. அதைப் பெட்டியில் யாரும் வைக்கவில்லை, சமையலறைச் செல்பில் விரித்துவிட்டார்கள்.

பாலு சித்தப்பா: அது நான் இல்லை.

மீனா சித்தி: நீங்கள்தான்.

வித்யா அக்கா: சித்தி, கோவையில் பழைய புத்தகக் கடையில் பார்த்து வாங்கி அனுப்புகிறேன். ராஜேஷ்குமார் ஊரே இதுதான்.

கார்த்தி (11:50): நான் சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். அதுவரை சித்தி, பைண்டுகளைப் பிளாஸ்டிக் பையில் போட வேண்டாம், வியர்க்கும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி மேஜைமேல் வைத்தால் போதும். வேதாந்தத்தைத் தனியாக. கரையான் மற்றதற்கு வரும்.

மீனா சித்தி: மாமனாரின் வேட்டியே இருக்கிறது.

ஹரிணி: பெரியப்பா, ஒன்று கேட்கட்டுமா? எதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் நான்? சாம்புவா, ஜகந்நாதனா?

ராமு பெரியப்பா (12:04): சாம்பு முதலில். ஒவ்வொன்றும் தனிக் கதை, ஆனால் வரிசையாகப் படி. கல்யாணம் ஆகி, வேம்பு வந்து, சுந்து பிறந்து வளர்கிறான், அது நடுவில் ஓடிக்கொண்டே இருக்கும். அப்புறம் சந்துரு. சந்துரு நிஜமாகவே புத்திசாலி, அவனைப் படித்தால்தான் தேவன் நேராகவும் எழுதுவார் என்று தெரியும். ஜகந்நாதன் கடைசி. இன்னொன்றையும் விட்டுவிடாதே, ஸ்ரீமான் சுதர்சனம். அதில் துப்பறிவாளரே கிடையாது. சம்பளம் போதாத ஒரு குமாஸ்தா ஆபீஸ் பணத்தில் கை வைக்கிறான். திருடன் பக்கமிருந்து அந்தப் பயத்தைச் சொல்வார். பேங்கில் முப்பத்தாறு வருஷம் இருந்தவன் சொல்கிறேன், கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது கை நடுங்குகிற அந்த மாதிரி ஆளை நான் பக்கத்து மேஜையில் பார்த்திருக்கிறேன். திருடனை வில்லனாக எழுதுவது சுலபம். தேவன் அதைச் செய்யவில்லை.

சரோஜா அத்தை: இது உண்மை. சுதர்சனம் படித்து நான் அழுதேன்.

சங்கர் அத்தான்: பாலு மாமா, அம்மா பங்கு 45,000 அனுப்பிவிட்டேன், பாருங்கள்.

பாலு சித்தப்பா (12:11): வந்துவிட்டது. கார்த்தி சனிக்கிழமை தருவான். அண்ணா?

வித்யா அக்கா: அப்பாவுக்குப் பதில் நான் அனுப்புகிறேன் சித்தப்பா. இன்று இரவு.

ராமு பெரியப்பா: வேண்டாம், நானே செக் எழுதித் தபாலில் போடுகிறேன்.

பாலு சித்தப்பா: வியாழக்கிழமை கொத்தனார், தபாலில் செக்.

சரோஜா அத்தை: அண்ணா, செக்கோடு இரண்டாம் பாகத்தையும் வைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்பு. திருச்சி விலாசத்துக்கு.

ராமு பெரியப்பா: நூலகம் விஷயம் இன்னும் முடிவாகவில்லை சரோ.

சரோஜா அத்தை: படித்துவிட்டுப் பேசலாம்.